வேனில் ஏற்றிவிடுவதற்கு முன்னால்

தருமபுரி மாவட்டக் கிராமங்களில் திறன் பயிற்சிக்கு ஆள் சேர்க்கும் தம்பி, தங்கைகளுக்கு,



போன மாதம் எங்கள் தெருவுக்கு உங்களில் இரண்டு பேர் வந்திருந்தீர்கள். கழுத்தில் அடையாள அட்டை, கையில் டேப், தோளில் பை. கோயில் திண்ணையில் உட்கார்ந்து, "மூணு மாசம் ட்ரெய்னிங்க்கா, தங்க இடம், சாப்பாடு எல்லாம் ஃப்ரீ, முடிச்ச கையோட வேலை" என்று சொல்லிக்கொண்டிருந்தீர்கள். ஏழெட்டுப் பெண்கள் நின்று கேட்டார்கள். ஒரு அம்மா மட்டும் ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டார்: "பாப்பா ராத்திரி எங்க படுக்கும்?" ஹாஸ்டல் என்றீர்கள். அவர் மறுபடியும் அதையே கேட்டார். உங்கள் முகத்தில் அலுப்புத் தட்டியது. பேட்ச் நிரம்ப இன்னும் பதினோரு பேர் வேண்டும் என்று நீங்கள் போனில் யாரிடமோ சொன்னது என் காதிலும் விழுந்தது.

உங்கள்மேல் எனக்குக் கோபமில்லை. அதே மாதிரி ஒரு திண்ணையில் உட்கார்ந்து நானும் ஆள் சேர்த்தவள்தான். அதனால்தான் இந்த மடல்.

1990இல் ஒரு தொண்டு நிறுவனத்தில் களப்பணியாளராகப் பென்னாகரம் பக்கம் வேலைக்குச் சேர்ந்தேன். வயது 23. ஊர் சுற்ற ஒரு டி.வி.எஸ். 50. ஓசூரில் செய்த வண்டி. ஓசூர் அன்றைக்கு நம் மாவட்டத்தில்தான் இருந்தது. 2004இல் கிருஷ்ணகிரி தனி மாவட்டமானபோது ஓசூரும் அதன் ஆலைகளும் அந்தப் பக்கம் போய்விட்டன. ஆலை அங்கே, ஆள் இங்கே. இன்று விடியலுக்கு முன்பே நம் ஊர்ப் பெண்களை ஏற்றிக்கொண்டு வடக்கே ஓடும் கம்பெனி பஸ்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்தக் கணக்கு ஞாபகத்துக்கு வரும்.

என் வேலைக்குப் பின்னால் இருந்த பணம் ரோமிலிருந்து வந்தது. பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியம் என்று ஓர் ஐ.நா. அமைப்பு, சுருக்கமாக இஃபாட். அதன் உதவியோடு தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனம் 1989இல் முதன்முதலாகக் குழு கட்டத் தொடங்கிய மாவட்டம் தருமபுரி. பிறகு சேலம், தென்னார்க்காடு, மதுரை, இராமநாதபுரம் என்று போனது. 1997-98இல் மாநில அரசு தன் சொந்த நிதியில் அதையே 'மகளிர் திட்டம்' என்று மற்ற மாவட்டங்களுக்கும் விரித்தது. இன்று தமிழ்நாட்டின் எந்த மூலையிலும் ஒரு பெண் "எங்க குழுவுல லோன் எடுத்தேன்" என்கிறாளே, அந்தக் 'குழு' என்ற சொல் நம் மண்ணில் வேர்விட்டது. ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். இஃபாட் கொடுத்தது கடன். நம் அரசு திருப்பிக் கட்ட வேண்டிய கடன். "வெளிநாட்டுக்காரன் சும்மா குடுக்கிறான்" என்று அன்றைக்கும் பேசினார்கள், இன்றைக்கும் பேசுகிறார்கள். நம் தொழிற்பயிற்சி நிலையங்களைச் சீர்செய்ய 2017இல் உலக வங்கி ஒப்புக்கொண்ட ஸ்டிரைவ் திட்டத்தின் 12.5 கோடி டாலரும் கடன்தான். நீங்கள் நிரப்பும் ஒவ்வொரு பேட்சிலும் அந்தப் பெண்ணின் அப்பா கட்டிய வரி கொஞ்சம் இருக்கிறது.

முதல் வருடம் நாங்கள் எந்தத் தொழிலையும் கற்றுக்கொடுக்கவில்லை. இருபது பெண்கள் வாரம் ஒருநாள் உட்கார வேண்டும், ஆளுக்கு 5 ரூபாய் சந்தா போட வேண்டும், அதை எழுதி வைக்க வேண்டும். அவ்வளவுதான். "என்னா டீச்சர், கவர்மெண்டு லோன் வாங்கித் தர்றேன்னு கூட்டிட்டு எங்ககிட்டயே காசு வாங்கறீங்க" என்று ஏசினார்கள். எழுதத் தெரிந்தவர்கள் குழுவுக்கு ஒருவரோ இருவரோ. சில இடங்களில் அதுவும் இல்லை. ஐந்தாவது படிக்கும் மகளைக் கூட்டிவந்து எழுத வைத்தோம்.

ஒரு குழுவை முன்னின்று நடத்தும் ஊக்குநருக்குக் கழித்தல் கணக்குப் பிடிபடவே இல்லை. புளி தட்டுகிற வேலைக்குப் போகிறவர். ஒருநாள் மடியிலிருந்து புளியங்கொட்டையை அள்ளித் திண்ணையில் கொட்டினார். ஒரு கொட்டை பத்து ரூபாய். கடன் வாங்கினவள் பெயருக்கு நேரே கொட்டையை நகர்த்துவார். கட்டக் கட்டத் திரும்ப இழுப்பார். அப்புறம் அதையே பேரேட்டில் எழுதினார். நூற்றுக்கு இரண்டு வட்டியும் கொட்டையிலேயே போடுவார். ஒரு ராத்திரி ரொக்கப் புத்தகத்தில் 20 ரூபாய் இடித்தது. யாரும் வீட்டுக்குப் போகவில்லை. அரிக்கேன் விளக்கை நடுவில் வைத்துக்கொண்டு பதினோரு மணிவரை தேடினோம். ஒருத்தி தன் ஓரகத்திக்காகவும் சேர்த்துக் கட்டியிருந்தாள். அது ஒரு புத்தகத்தில் ஏறி, இன்னொன்றில் ஏறாமல் விட்டிருந்தது. கணக்குச் சரியானதும் அந்த இருபது பேர் முகத்தில் வந்த சிரிப்பை நான் எந்தச் சான்றிதழ் விழாவிலும் பார்த்ததில்லை.

அதன் பிறகுதான் தொழிற்பயிற்சிகள் வந்தன. மெழுகுவத்தி, ஃபினாயில், சோப்புத்தூள், ஊறுகாய், சாக்குப் பை. அவற்றில் இன்று எங்கள் பக்கம் ஒன்றுகூட மிஞ்சவில்லை. மிஞ்சியது கணக்கு எழுதக் கற்றதும், வங்கிக்குள் போய் மேனேஜர் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரக் கற்றதும்தான். 1996 உள்ளாட்சித் தேர்தலில் மூன்றில் ஒரு பங்கு இடம் பெண்களுக்கு வந்தபோது எனக்குத் தெரிந்த ஊக்குநர்கள் நாலைந்து பேர் நின்றார்கள். இரண்டு பேர் ஜெயித்தார்கள். திட்ட அறிக்கையில் இதற்கென்று ஒரு கட்டம் இருந்ததாக நினைவில்லை.

இப்போது என் தவறுக்கு வருகிறேன்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு வெளிநாட்டு நன்கொடையில் தையல் பயிற்சி வந்தது. எந்த அமைப்பு என்பது இங்கே முக்கியமில்லை. 20 பெண்கள், ஆறு மாதம், முடிவில் ஆளுக்கொரு மிஷின். விண்ணப்பத்தில் "பயிற்சி முடிந்ததும் மாதந்தோறும் நிலையான வருமானம் ஈட்டுவர்" என்ற வரியை எழுதியவள் நான். எழுதும்போது ஒரு சின்னக் கணக்கைப் போட்டுப் பார்த்திருக்கலாம். அந்த ஊரில் வீடுகள் 120. ஏற்கெனவே ஒரு டெய்லர் இருந்தார். அவருக்கே பொங்கலுக்கும் மாரியம்மன் பண்டிகைக்கும்தான் கைநிறைய வேலை. இருபத்தோரு டெய்லருக்கு ஜாக்கெட் துணி எங்கிருந்து வரும்? புளியங்கொட்டை வைத்துப் போட்டாலே விடை வந்திருக்கும். நான் போடவில்லை. எனக்கு இருபது என்ற எண் வேண்டியிருந்தது.

ஒரு வருடம் கழித்துப் போய்ப் பார்த்தேன். மூன்று பேர் தைத்துக்கொண்டிருந்தார்கள். மற்ற வீடுகளில் மிஷின்மேல் டி.வி. இருந்தது, இல்லையென்றால் மடித்த துணி. எங்கள் ஆண்டறிக்கையில் '20 பெண்கள் பயனடைந்தனர்' என்றே அச்சாகியிருந்தது. பொய்யில்லை. மிஷின் வாங்கியது பயன்தானே.

அதே காலத்தில் எங்கள் பக்கத்திலேயே இன்னொரு பயிற்சி நடந்தது. அதற்கு யாரும் திண்ணையில் உட்கார்ந்து ஆள் சேர்க்கவில்லை. வெப்பநாட்டில் வெண்பட்டு வளர்க்க முடியாது என்று பலரும் சொல்லிக்கொண்டிருந்தபோது, ஜப்பானின் ஜைக்கா அமைப்பும் மைசூரில் உள்ள மத்தியப் பட்டு ஆராய்ச்சி நிலையமும் சேர்ந்து 1991இல் வேலையைத் தொடங்கின. முதலில் நம் வெயிலைத் தாங்கும் புழு ரகங்கள். பிறகு அவற்றை விவசாயி கொட்டகைக்குக் கொண்டுபோவது. 2002 முதல் 2007 வரை கர்நாடகம், ஆந்திரம், தமிழ்நாடு மூன்றிலும் விரிவாக்கப் பணி. வழக்கமான மஞ்சள் கூட்டில் ஒரு கிலோ நூல் எடுக்க ஏழெட்டுக் கிலோ கூடு வேண்டும். நல்ல வெண்கூட்டில் ஆறு கிலோ சுற்றி வந்தால் போதும். வித்தியாசம் விவசாயி மடியில் விழும்.

எங்கள் பக்கத்து நிலத்துக்காரர் மல்பெரி போட்டார். பட்டுத்துறை ஆய்வாளர் கொட்டகைக்கு வருவார். அவர் பேசியது குறைவு, பார்த்ததுதான் அதிகம். செருப்பை வெளியே விட்டீர்களா, கையைக் கழுவினீர்களா, கிருமிநாசினி அடித்தீர்களா, புழு தோலுரிக்கும்போது இலை போட்டுத் தொலைத்தீர்களா. சித்திரை வெயிலில் ஜன்னலுக்கு நனைத்த கோணி கட்டச் சொன்னார். இளம்புழு மையத்திலிருந்து வந்த புழு இருபது நாளில் கூடு கட்டிவிடும். கடைசி ஏழு நாள்தான் உயிர் போகிற வேலை. மொத்த இலையில் முக்கால் பங்குக்கு மேல் அந்த ஏழு நாளில் தின்று தீர்த்துவிடும். வகுப்பறையில் இதைச் சொல்லித்தரவே முடியாது. வேலை நடக்கிற இடத்தில், தப்பு நடக்கிற நாளில், தெரிந்த ஒருவர் பக்கத்தில் நிற்க வேண்டும்.

அதைவிடப் பெரிய விஷயம், கூட்டை வாங்க ஆள் இருந்தார்கள். தருமபுரியிலேயே அரசுப் பட்டுக்கூடு அங்காடி. கூட்டைக் கொட்டி வைத்தால் நூற்பாளர்கள் வருவார்கள். ஒன்றை எடுத்துக் காதருகே வைத்துக் குலுக்கிப் பார்ப்பார்கள், விரலால் அமுக்கிப் பார்ப்பார்கள், ஏலம் கேட்பார்கள். விலை ஏறும், இறங்கும், சில வாரம் வயிற்றில் அடிக்கும். ஆனாலும் வாங்குகிறவன் முகம் தெரியும். என் இருபது தையல்காரிகளுக்கு அந்த முகம்தான் இல்லாமல் போனது.

பட்டை நான் தலையில் தூக்கி வைத்து ஆடவில்லை. அது கிணறும் காணியும் உள்ளவர்களின் தொழில். நிலமில்லாத பெண்ணுக்கு அதில் கிடைத்தது இலை வெட்டும் கூலி. கொட்டகை வேலையில் பாதிக்கு மேல் வீட்டுப் பெண்கள் செய்தார்கள். எங்கள் ஊரிலிருந்து பயிற்சிக்குப் பெயர் கொடுத்தவர்கள் எல்லாம் ஆண்கள்.

ஜெர்மனியில் தொழிற்பயிற்சி எப்படி நடக்கிறது என்று ஒருமுறை ஒரு பயிலரங்கில் கேட்டேன். அங்கே முதலில் கம்பெனியோடு ஒப்பந்தம். பையனோ பெண்ணோ முதல் மாதத்திலிருந்தே உதவித்தொகை வாங்குவார்கள். வாரத்தில் மூன்று நான்கு நாள் பட்டறை, மீதி பள்ளிக்கூடம். பட்டறைக்காரன் தனக்கு ஆள் வேண்டும் என்றால்தான் பயிற்சி இடமே உண்டாகும். நாம் இங்கே தலைகீழாகச் செய்கிறோம். ஆளைச் சேர்த்து, பயிற்சி கொடுத்து, சான்றிதழை லேமினேட் போட்டுக் கையில் கொடுத்த பிறகு கம்பெனியைத் தேடுகிறோம். நம்மிடமும் 1961லிருந்து தொழில் பழகுநர் சட்டம் இருக்கத்தான் இருக்கிறது.

உங்கள் சங்கடம் எனக்குப் புரிகிறது. 2014இல் வந்த தீனதயாள் உபாத்யாயா கிராமப்புறத் திட்டத்தில் பயிற்சி பெற்றவர்களில் 70 சதவீதம் பேருக்காவது வேலை வாங்கித் தர வேண்டும் என்று விதி. மூன்று மாதம் வேலையில் இருந்தால் கணக்கில் சேரும். நல்ல விதி, எங்கள் காலத்தில் அதுகூட இல்லை. ஆனால் மூன்று மாதம் முடிந்த மறுநாள் அந்தப் பெண் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊருக்கு வந்தால் அது எந்த ஏட்டிலும் ஏறாது. ஏன் வந்தாள் என்று கேட்க யாருக்கும் சம்பளம் இல்லை. நான் கேட்டிருக்கிறேன். ஹாஸ்டல் சோற்றுக்கும் பஸ்ஸுக்கும் பிடித்தது போகக் கையில் நின்றது, ஊரில் களை வெட்டினால் கிடைப்பதைவிடக் கொஞ்சம்தான் அதிகம் என்றாள் ஒருத்தி. மாதவிடாய் நாளில் நின்றுகொண்டே வேலை என்றாள் இன்னொருத்தி. மூன்றாமவள் ஒன்றும் சொல்லவில்லை.

அந்த அம்மா ஏன் ஒரே கேள்வியைக் கேட்டார் என்று இப்போது சொல்கிறேன். இருபது வருடத்துக்கு முன் இதே தெருவுக்கு வேறொரு வேன் வரும். நூற்பாலைக்கு ஆள் பிடிக்கும் புரோக்கர். மூன்று வருடம் வேலை, முடிவில் கல்யாணச் செலவுக்கு மொத்தமாக முப்பதாயிரமோ ஐம்பதாயிரமோ; சுமங்கலித் திட்டம் என்று பெயர். தங்க இடம், சாப்பாடு எல்லாம் ஃப்ரீ. நீங்கள் சொன்ன அதே வாக்கியம், ஒரு சொல் மாறாமல். எங்கள் தெருவிலிருந்து போன பெண்களில் மூன்று வருடத்தை முடித்து முழுப் பணம் வாங்கியவள் ஒருத்திதான். நடுவில் உடம்பு முடியாமல் வந்தவர்களுக்குக் கணக்குத் தீர்த்தார்களா என்று இன்றுவரை சண்டை உண்டு. நீங்கள் அப்போது பள்ளிக்கூடத்தில் இருந்திருப்பீர்கள். உங்களுக்கு அந்த வேன் தெரியாது. அந்த அம்மாவுக்கு உங்கள் வேனும் அந்த வேனும் ஒன்றுதான். ஹாஸ்டல் வாசல் எந்தத் தெருவில், வார்டன் யார், அவர் போன் எண் என்ன, ராத்திரி போன் செய்தால் பெண்ணிடம் பேச விடுவார்களா, ஞாயிற்றுக்கிழமை வெளியே விடுவார்களா? இதை எல்லாம் சேர்த்துத்தான் "எங்க படுக்கும்" என்றார். பதில் தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லுங்கள். முடிந்தால் சேர்ப்பதற்கு முன் ஊரிலிருந்து இரண்டு அம்மாக்களைக் கூட்டிப்போய் அந்தக் கட்டிலைக் காட்டிவிட்டு வாருங்கள். பஸ் காசு பெரிய செலவில்லை.

இப்போது உங்களில் சிலர் ஜப்பான், ஜெர்மனி என்றும் பேசத் தொடங்கியிருக்கிறீர்கள். பொய்க்கதை இல்லை. தொழில் பயிலுநர்களை அனுப்ப 2017இல் ஜப்பானோடு நம் அரசு ஒப்பந்தம் போட்டது. இந்தியத் திறன் பணியாளர்களுக்கான விசாவை ஆண்டுக்கு 20,000இலிருந்து 90,000 ஆக்குவதாக ஜெர்மனி 2024இல் அறிவித்தது. வயதானவர்கள் பெருகிய நாடுகளுக்கு நம் பிள்ளைகளின் கை வேண்டியிருக்கிறது. ஆனால் மொழி படிக்காமல் அங்கே கால் வைக்க முடியாது. அதற்கே பல மாதம் போகும். ஜப்பானின் பழைய பயிலுநர் முறையில் முதலாளி எப்படி இருந்தாலும் வேறு இடத்துக்கு மாற வழியில்லை. அந்த முறையையே எடுத்துவிட்டுப் புதிதாகக் கொண்டுவர அவர்கள் 2024இல் சட்டம் போட்டார்கள் என்றால், உள்ளே எவ்வளவு கண்ணீர் இருந்திருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். ஊரில் யாராவது பெயர் கொடுத்தால் ஏஜென்ட் பதிவு பெற்றவரா என்று இ-மைக்ரேட் தளத்தில் அவர்கள் கண்முன்னாலேயே பார்த்துக் காட்டுங்கள். அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் 1978லிருந்து சென்னையில் இருக்கிறது; நம் தெருவில் அதன் பெயர் பாதிப் பேருக்குத் தெரியாது, ஏஜென்ட் பெயர் எல்லாருக்கும் தெரியும்.

உங்கள் பேட்சில் சேராமல் வேறு வழியில் போனால் நல்லது என்று தோன்றும் பெண்ணை அந்த வழியில் அனுப்பிவிடுங்கள். இது உங்கள் டார்கெட்டுக்கு விரோதம்தான், தெரிந்தே சொல்கிறேன். அரசு ஐ.டி.ஐ.யில் கட்டணம் இல்லை, பெண்களுக்கு உச்ச வயது வரம்பும் இல்லை. மாதம் 750 ரூபாய் உதவித்தொகை உண்டு. அரசுப் பள்ளியில் படித்த பெண்ணாக இருந்தால் புதுமைப் பெண் திட்டத்தில் ஆயிரம் ரூபாய். மாநிலத்தில் 71 அரசு ஐ.டி.ஐ.களை டாட்டா டெக்னாலஜிஸோடு சேர்ந்து புது இயந்திரங்களோடு மாற்றியமைத்திருக்கிறார்கள். மூன்று மாதப் பயிற்சிக்கும் இரண்டு வருட ஃபிட்டர், எலக்ட்ரீஷியன் படிப்புக்கும் உள்ள தூரத்தை அந்தப் பெண்ணுக்கு யாராவது ஒருவர் சொல்ல வேண்டும். நாற்பது வயதுக்காரி ஒருத்தி ஐ.டி.ஐ. வாசலில் மகளைச் சேர்க்கப் போய், தானும் சேரலாம் என்று தெரிந்து திகைத்து நின்ற கதை எனக்குத் தெரியும். சேரவில்லை. "ஊரு சிரிக்கும் டீச்சர்" என்றாள்.

ஒரு கோடு போட்ட நோட்டு வாங்குங்கள். டேப்பில் ஏற்றுவது கம்பெனிக்கு, நோட்டு உங்களுக்கு. சேர்த்த ஒவ்வொரு பெயருக்கும் ஒரு பக்கம். ஆறாவது மாதம் போன் செய்யுங்கள். எங்கே இருக்கிறாள், கையில் எவ்வளவு வருகிறது, வீட்டுக்கு எவ்வளவு அனுப்புகிறாள், யார் சம்பளம் கொடுக்கிறார்கள், சம்பளச் சீட்டு உண்டா, பி.எஃப். பிடிக்கிறார்களா. இதை யாரும் உங்களிடம் கேட்கப்போவதில்லை. ஆனால் அடுத்த முறை எங்கள் தெருவுக்கு வரும்போது நோட்டைத் திறந்து, "போன பேட்ச்ல உங்க ஊருப் பொண்ணு இங்க இருக்கு, இவ்வளவு வாங்குது, இந்தாங்க அது நம்பர், நீங்களே பேசுங்க" என்று சொல்லிப் பாருங்கள். பதினோரு பேருக்காக நீங்கள் அலைய வேண்டியிருக்காது. திரும்பி வந்த பெண்ணின் பக்கத்தையும் கிழிக்காமல் காட்டுங்கள். எங்கள் ஊர்க்காரர்கள் நல்லதை மட்டும் சொல்கிறவனை நம்ப மாட்டார்கள்.

இந்த நோட்டை நான் அன்றைக்குப் போட்டிருந்தால் தையல் வகுப்பின் மூன்றாவது மாதத்திலேயே நிறுத்தியிருப்பேன். போடவில்லை.

போன வருடம் அந்த இருபது பேரில் ஒருத்தி வீட்டுக்கு வந்திருந்தாள். பேரன் பேத்தி எடுத்துவிட்டாள். டீ குடித்து முடித்து, போகிற நேரத்தில் தயங்கித் தயங்கிக் கேட்டாள்: "டீச்சர், அந்த மிஷினை வித்துக்கலாமா? நீங்க விக்கக் கூடாதுன்னு கையெழுத்து வாங்கினீங்களே."

முப்பது வருடமாக அதை வைத்துக் காத்துக்கொண்டிருந்திருக்கிறாள். விற்றுக்கொள் என்றேன். பழைய இரும்புக்காரனுக்கு 900 ரூபாய்க்குப் போட்டாளாம்.

அன்புடன்,
பென்னாகரத்திலிருந்து உங்கள் அக்கா